உச்சிப்புளியில் வீடு கட்டுகிறோம்: பைன் மரத்தை எங்கே நம்பலாம்?

உச்சிப்புளிக்காரி | மார்ச் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். உச்சிப்புளி பக்கம் வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும், அவ்வளவு பக்கம். கான்கிரீட் வேலை முடிஞ்சாச்சு, இனி மர வேலைதான். தலைவாசல் நிலை ஒண்ணு, உள் நிலை நாலு, ஜன்னல் ஆறு, அடுப்படி அலமாரி, ரெண்டு அறைக்குப் பரண், மாடியில ஓடு போட்ட ஒரு சின்னத் தாழ்வாரம்.

எங்க ஆசாரி, "எல்லாத்தையும் பைன்ல முடிச்சிரலாம் தங்கச்சி. தேக்கு விலையில பாதிகூட ஆகாது"ங்கிறார். அப்பாவோ, "பைன்ங்கிறது பெட்டி அடிக்கிற மரம். அதுல வீடு கட்டுவாங்களா?"ன்னு கேக்குறார். எங்க பழைய வீட்டுல பனங்கையும் (பனஞ்சட்டம்) வேம்பும்தான். அப்பா பொறந்த வருஷம் போட்ட கூரை, அவருக்கு 68 வயசு ஆச்சு, இன்னும் நிக்குது.

நான் மரவாடியில போய்ப் பார்த்தேன். மரம் வெள்ளையா, வரி வரியா, ரொம்ப அழகா இருந்துச்சு. கையில தூக்கினா வெயிட்டே இல்ல. ஒரு ஓரத்துல சீல் குத்தியிருந்துச்சு. "வெளிநாட்டுல டிரீட்மென்ட் பண்ணி வந்தது, கரையான் அண்டாது"ன்னு கடைக்காரர் சொன்னார். இத நம்பலாமா? இந்த உப்புக் காத்துல பைன் நிக்குமா? இந்தக் கடற்கரையில போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க.

பாம்பன் காத்து | மார்ச் 9, இரவு 10.15

அக்கா, நான் போட்டவ. அடுப்படி அலமாரி, கீழ் தட்டு, மேல் தட்டு எல்லாமே பைன். 4 வருஷம் ஆச்சு.

மேல் தட்டு இன்னைக்கும் புதுசு மாதிரி இருக்கு. கீழ் தட்டுல, தரையைத் தொட்டு நின்ன சட்டம் மட்டும் போயிடுச்சு. வெளியில பெயின்ட் அப்படியே பளபளன்னு இருந்தது. மாப் போடும்போது ஒருநாள் துடைப்பக் கட்டை லேசா இடிச்சது, உள்ள பொதுக்குன்னு அமுங்கிருச்சு. விரலால தோண்டினா ஈரப் பொட்டு மாதிரி உதிருது. ஒரே மரம், ஒரே ஆசாரி, ஒரே பெயின்ட். தினமும் ரெண்டு வேளை தரை கழுவுற தண்ணிதான் வித்தியாசம். ஆணியெல்லாம் துரு ஏறி, அதைச் சுத்தி மரம் கறுத்துக் கிடந்துச்சு.

மேல போடுறதுக்கு பைன் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். தரையில மட்டும் வைக்காதீங்க.

பனங்கை | மார்ச் 10, காலை 6.05

சாயல்குடி பக்கம் இருந்து எழுதுகிறேன். உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. நம் மண்ணில் நின்று வைரம் பாய்ந்த மரம்தான் நம் காற்றைத் தாங்கும். பனையில் வெளிச்சுற்று எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து வெட்டினார்கள். உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளி வைரத்தை மட்டும்தான் கூரைக்கு ஏற்றினார்கள். வேம்பைக் கரையான் லேசில் தொடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தக் கரையில் மரம் என்றால் பயத்தோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பல்லால் கடித்தால் தடம் விழுகிற மரத்தை நிலைக்கு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாடிக்காரன் தூத்துக்குடி | மார்ச் 10, காலை 11.20

ஐயா சொல்ற வைரம் விஷயம் உண்மை. ஆனா பைன் பத்தி ரெண்டு விஷயம் இருக்கு, அத மட்டும் சொல்லிடுறேன். நான் மரவாடியில 19 வருஷமா இருக்கேன்.

முதல்ல, இங்க வர்ற பைன் கொடைக்கானல் மரம் இல்ல. நிறைய பேர் அப்படி நெனச்சுக்கிட்டு வர்றாங்க. இது கப்பல்ல வர்ற மரம். நியூசிலாந்துல இருந்து வர்றது ரேடியேட்டா பைன். அதோட பூர்வீகம் அமெரிக்காவுல கலிபோர்னியாக் கரை, நியூசிலாந்துல தோட்டம் போட்டு வளர்க்குறாங்க. ஐரோப்பாவுல இருந்து வேற ஜாதி பைனும் ஸ்ப்ரூஸும் வரும். நம்ம பக்கம் எல்லாத்துக்கும் பைன்னு ஒரே பேருதான். வாங்கும்போது எந்த நாட்டு மரம், அறுத்து வந்ததா, தடியா வந்து இங்க அறுத்ததான்னு கேளுங்க. தடியா வந்து இங்க அறுத்தது பெரும்பாலும் பச்சையாத்தான் இருக்கும்.

ரெண்டாவது அந்த சீல். தங்கச்சி, அதுல கதிர் மாதிரி ஒரு படமும், நாட்டு எழுத்து ரெண்டும், எச்.டி.ன்னு எழுத்தும் இருந்ததா? அப்படின்னா அது பெட்டி மரத்துக்கும் பேலட்டுக்கும் குத்துற சீல். மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏத்தினோம்னு அர்த்தம். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு செய்யிறது. அன்னைக்கு மரத்துக்குள்ள இருந்த பூச்சி செத்துரும், அவ்வளவுதான். மரத்துக்குள்ள மருந்து எதுவும் ஏறாது. நாளைக்கு உங்க வீட்டுக் கரையான் வந்தா அதுக்கு ஒரு தடையும் கிடையாது. எச்.டி.க்குப் பதிலா எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு வாயு அடிச்சது. அதை வீட்டுக்குள்ள அலமாரிக்கு எடுக்காதீங்க.

கடைக்காரர் பொய் சொன்னார்னு நான் சொல்லல. அவருக்கே தெரியாம இருக்கலாம். எங்க தொழில்லயே பல பேர் இந்த சீலைக் கரையான் மருந்துன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு அதுதான் வருத்தம்.

உச்சிப்புளிக்காரி | மார்ச் 10, பகல் 1.02

அண்ணே, நீங்க சொன்ன அதே சீல்தான். கதிர் படம், கீழ எச்.டி. நல்ல வேளை, முன்பணம் இன்னும் குடுக்கல.

அப்போ நிஜமாவே மருந்து ஏத்தின மரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தொண்டி டூ ஆக்லாந்து | மார்ச் 10, இரவு 8.30

இதுக்கு நான் பதில் சொல்றேன். சொந்த ஊரு தொண்டி. நியூசிலாந்துல ஆக்லாந்து பக்கம் வீட்டுக்குச் சட்டம் அடிக்கிற வேலையில 7 வருஷம் இருந்தேன். அங்க வீட்டோட எலும்புக்கூடே இந்த ரேடியேட்டா பைன்தான். சுவரு, கூரை எல்லாமே. அதனால பெட்டி மரத்துல வீடு கட்டுவாங்களான்னு கேட்ட உங்க அப்பாகிட்ட, ஒரு நாடே கட்டியிருக்குன்னு சொல்லுங்க.

ஆனா அதே நாடு இதே மரத்துல பட்ட அடியையும் சொல்லணும். 1990கள்ல அங்க ஒரு மாத்தம் வந்துச்சு. சூளையில காய வச்ச பைனுக்கு மருந்து தேவையில்லைன்னு விதியைத் தளர்த்தினாங்க. அதே காலத்துலதான் தாழ்வாரம் நீட்டாத கூரையும் சிமென்ட் பூச்சுச் சுவரும் ஃபேஷனா வந்துச்சு. பூச்சு கீறல் விட்டு மழைத் தண்ணி உள்ள போச்சு, போன தண்ணி வெளிய வர வழியில்ல. உள்ள மருந்தில்லாத பைன். ஆயிரக்கணக்கான வீடு உள்ளுக்குள்ளயே மக்கிப்போச்சு. கசியிற வீடுகள்னே அதுக்குப் பேரு வந்துருச்சு. 2004ல திரும்ப மருந்து கட்டாயம் ஆச்சு. நான் போன காலத்துலயும் அந்தப் பழைய வீடுகளைப் பிரிச்சுச் சரி பண்ற வேலைதான் பாதி. சுவர்ப் பலகையைக் கழட்டினா உள்ள இருக்கிற சட்டத்தைக் கையாலயே அள்ளலாம். பாம்பன் அக்கா எழுதினதைப் படிச்சதும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துச்சு.

உங்க கேள்விக்கு வர்றேன். மரத்தை எங்க போடப் போறோம்ங்கிறதைப் பொறுத்து அங்க மருந்துக்கு ஒரு எண் குடுப்பாங்க. வீட்டுக்குள்ள நனையாத சட்டத்துக்கு எச் 1.2, அதுல போரான் உப்பு ஏத்தியிருப்பாங்க. மழை படுற பலகைக்கு எச் 3.2, மண்ணுல ஊன்றுற வேலிக் கட்டைக்கு எச் 4, வீட்டையே தாங்குற ஊன்றுகாலுக்கு எச் 5. செம்பு கலந்த மருந்துன்னா மரம் லேசாப் பச்சையா இருக்கும். சீல்ல பாருங்க, இல்லைன்னா பில்லுல எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா மருந்து இல்லைன்னே வச்சுக்குங்க.

பனங்கை ஐயா வைரம் பத்திச் சொன்னார். சீக்கிரமா வளர்ற தோட்டத்து ரேடியேட்டாவுல நடுவுல இருக்கிற வைரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வெளிறு, அதாவது வைரத்தைச் சுத்தி இருக்கிற வெளிமரம். நம்ம கணக்குல அது குறை. ஆனா மருந்து உறிஞ்சுறது அந்த வெளிறுதான். மூடின உருளைக்குள்ள மரத்தை வச்சு, காத்தை இழுத்துட்டு அழுத்தத்துல மருந்தை விட்டா உள்ள வரைக்கும் குடிக்கும். தேக்கு வைரத்துக்குள்ள அப்படி ஏத்த முடியாது, அதுக்குத் தேவையும் இல்ல.

சைட் இன்ஜினியர் | மார்ச் 10, இரவு 9.55

ஒரு தகவல். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த சி.சி.ஏ. மருந்தை 1933ல் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். உலகம் முழுக்க வேலிக் கட்டையும் மின்கம்பமும் அவர் மருந்தில் நின்றன.

ஆனால் அதில் ஆர்செனிக் இருக்கிறது. அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அடுப்படி, பரண், குழந்தை கை வைக்கிற இடம் எதற்கும் சி.சி.ஏ. மரம் வேண்டாம். அறுத்த துண்டை விறகாக எரிக்கவே கூடாது. நம் ஊரில் மிச்சத் துண்டெல்லாம் நேராக வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எரித்த சாம்பலை ஆட்டுக்கொட்டகையில் கொட்டினால் ஆடு நக்கும்.

உள் வேலைக்குப் போரான் போதும்.

கீழக்கரை உளி | மார்ச் 11, காலை 7.10

அஸ்ஸலாமு அலைக்கும். முப்பது வருஷமா உளி பிடிக்கிறேன். கீழக்கரையில பழைய வீட்டு பர்மாத் தேக்குக் கதவையும் செப்பனிட்டிருக்கேன், இப்போ பைன்ல அலமாரியும் அடிக்கிறேன். எல்லாரும் மருந்தையே பேசுறீங்க. நான் ஈரத்தைப் பேசுறேன்.

நம்ம கரையில பைன் கெட்டுப்போற வழியில முக்காவாசி, மரம் காயிறதுக்கு முன்னாலயே வேலைய ஆரம்பிக்கிறதுதான். பச்சை மரத்துல நிலை அடிச்சு, மூலை மட்டம் எல்லாம் பார்த்து நிறுத்துவோம். சித்திரை வெயில்ல அது ரெண்டு நூல் சுருங்கும். முறுக்கும். கதவு ஒட்டாது. வீட்டுக்காரங்க ஆசாரிய ஏசுவாங்க. அதே மாதிரி ஐப்பசி மழையில கதவு இறுகுதேன்னு இழைப்புளி போட்டுத் தள்ளினா, கோடையில கதவுக்கும் நிலைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியும். ஐப்பசியில இறுகின கதவை இழைக்க மாட்டேன்னு நான் சொல்லிடுவேன். தை வரைக்கும் பொறுங்க, தானா விடும்.

லாத்தா (எங்க ஊருல அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்), மரம் பொறுக்கும்போது முனையப் பாருங்க. வருஷ வளையத்தோட மையப்புள்ளி தெரியிற கட்டைய ஒதுக்குங்க. அது குருத்துப் பக்கம், அதுதான் முதல்ல முறுக்கும், அதுல பலமும் குறைவு. வளையம் முகத்துக்கு நேரா நிக்கிற பலகை நேரா இருக்கும். வளையம் படுத்த பலகை கிண்ணம் மாதிரி குழியும். சட்டத்தைக் கண்ணுக்கு நேரா நீளவாக்குல பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பாருங்க. வளைவு அப்பவே தெரிஞ்சிரும்.

கணு இருக்கலாம். சுத்தியும் மரத்தோட ஒட்டி, சிவந்து நின்னா அது உயிர்க் கணு, கவலை இல்ல. கறுப்பு வளையம் போட்டு நின்னா செத்த கணு, ஒருநாள் கழண்டு விழும். சட்டத்தோட ஓரத்துல பெரிய கணு வந்தா அந்தச் சட்டம் பாரத்துக்கு ஆகாது, துண்டு போட்டு அலமாரிக்கு வச்சுக்கலாம். நீலமா மை சிந்தின மாதிரி கறை இருந்தா பயப்படாதீங்க. அது ஒரு பூஞ்சை, பலத்தைப் பெருசா குறைக்காது. ஆனா இந்த மரம் ரொம்ப நாள் ஈரமாக் கிடந்துச்சுங்கிற சேதி அதுல இருக்கு. ஈரம் பார்க்காம அதை வாங்காதீங்க.

உச்சிப்புளிக்காரி | மார்ச் 11, காலை 10.44

கீழக்கரை காக்கா (அண்ணனை உங்க ஊருல அப்படித்தானே கூப்பிடுவீங்க), ஈரம் பார்க்கிற மீட்டர் எங்க ஆசாரிகிட்ட இல்ல. கையில தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கு. வேற வழி இருக்கா?

சைட் இன்ஜினியர் | மார்ச் 11, பகல் 12.30

இருக்கிறது. அடுப்படித் தராசும் ஒரு மின்சார ஓவனும் போதும்.

சட்டத்தின் முனையிலிருந்து ஒன்றரை அடி விட்டு உள்ளே ஒரு இஞ்ச் கனத்தில் ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். முனை எப்போதும் சீக்கிரம் காயும், அங்கே எடுத்தால் கணக்கு ஏமாற்றும். அறுத்த கையோடு எடை போட்டு எழுதுங்கள். பிறகு ஓவனில் 100 டிகிரியை ஒட்டி வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து எடை போடுங்கள். கருகவிடக் கூடாது, ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எடை இனி இறங்காது என்ற நிலைதான் எலும்பு வரை காய்ந்த எடை. முதல் எடையில் அதைக் கழித்து, மிச்சத்தைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் ஈரச் சதவீதம்.

20க்கு மேல் இருந்தால் வேலையைத் தொடாதீர்கள். மரத்தை மக்க வைக்கிற பூஞ்சை 20க்குக் கீழே வளராது. நம் கடற்கரையில், வீட்டுக்குள், 15ஐ ஒட்டி இருந்தால் எனக்குத் திருப்தி. குளிர்சாதன அறைக்கு 12 வரை இறங்க வேண்டும்.

பனங்கை | மார்ச் 11, மாலை 5.20

இவ்வளவு கணக்கு பார்த்து வாங்குகிற மரத்துக்குப் பதில், வாசலில் நிற்கும் வேம்பை அறுத்துவிடலாமே.

கீழக்கரை உளி | மார்ச் 11, இரவு 8.00

ஐயா, தலைவாசல் நிலைக்கு நானும் வேம்புதான் சொல்லுவேன். அந்த நிலை வெயிலும் வாங்கும், சாரலும் வாங்கும், வாசல் தெளிக்கிற தண்ணியும் தினமும் வாங்கும். அங்க பைன் வைக்கச் சொல்லி யாரு கேட்டாலும் நான் செய்யிறதில்ல. ஆனா அறுத்த வேம்பும் காயணும். வாசல்ல நின்ன மரத்தைப் போன மாசம் அறுத்து இந்த மாசம் நிலை நிறுத்தினா அதுவும் வெடிக்கும்தான். வேம்பு கனத்த மரம், பைனைவிட மெதுவாக் காயும்.

ஒரு விஷயத்துல எல்லாரும் ஏமாறுறோம், உப்புக் காத்து மரத்தைத் தின்னுதுன்னு நெனக்கிறோம். உப்பு மரத்தை அரிக்கிறதைவிட இரும்பைத்தான் அரிக்கும். ஆணி துருப்பிடிச்சு ஊதும், ஊதினா மரம் பிளக்கும், பிளவுல தண்ணி நிக்கும், அப்புறம்தான் மரம் போகும். நம்ம ஊருல மரத்துக்கு முன்னாடி ஆணி சாகும். பைன் மெது மரம், வெறும் ஆணியைச் சீக்கிரம் விட்டுரும். ஸ்க்ரூ போடுங்க, முதல்ல சின்னதா ஓட்டை போட்டுட்டு ஏத்துங்க, இல்லைன்னா முனை பிளக்கும்.

தொண்டி டூ ஆக்லாந்து | மார்ச் 11, இரவு 8.41

காக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். செம்பு மருந்து ஏத்தின மரத்துல சாதா ஆணி இன்னும் வேகமாப் போகும், செம்பும் இரும்பும் ஒத்துக்காது. ஸ்டெயின்லெஸ்தான் போடணும், அதுலயும் கடலோரத்துக்கு 316ங்கிற ரகம். பொதுவாக் கடையில கிடைக்கிற 304 வீட்டுக்குள்ள பரவாயில்ல, வெளியில காபிக் கறை மாதிரி பழுப்பு ஏறும்.

சைட் இன்ஜினியர் | மார்ச் 12, காலை 9.15

மாடித் தாழ்வாரம் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

சட்டத்தைப் படுக்கப் போடுவதற்கும் நிறுத்திப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. 4க்கு 2 சட்டத்தை 4 இஞ்ச் உயரமாக நிறுத்தினால், படுக்கப் போட்டதைவிட 4 மடங்கு விறைப்பு. அதே மரம், அதே காசு. பல கூரைகளில் ஓடு வரிசை தொய்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் எத்தனை அடிக்கு எந்தச் சட்டம் என்று நான் இங்கே எழுத மாட்டேன். ஓட்டின் எடை, சுவரின் இடைவெளி, உங்கள் மாடியில் அடிக்கிற காற்று எல்லாம் தெரிய வேண்டும். உங்கள் இன்ஜினியரிடம் வரைந்து வாங்குங்கள்.

காற்று கூரையை அழுத்துகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். புயலில் அது கூரையைத் தூக்கும். சுவர் மேல் பாரத்தில் உட்கார்ந்திருக்கிற சட்டம் போதாது. கான்கிரீட் பெல்ட்டில் கம்பியை விட்டு, இரும்புப் பட்டையால் சட்டத்தைக் கீழே கட்ட வேண்டும். பட்டையும் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும்.

வாடிக்காரன் தூத்துக்குடி | மார்ச் 12, பகல் 2.10

இன்னொரு ஏமாத்தம் அளவுல இருக்கு. கன அடி கணக்கு எல்லாருக்கும் தெரியும். அகலம் இஞ்ச், கனம் இஞ்ச், நீளம் அடி, மூணையும் பெருக்கி 144ஆல வகுக்கணும். 10 அடி நீள 4க்கு 2 சட்டம்னா 0.556 கன அடி. ஆனா இழைச்சுக் காய வச்சு வர்ற நியூசிலாந்துச் சட்டத்தை 4க்கு 2ன்னு சொன்னாலும், டேப் வச்சா 90 மில்லிமீட்டருக்கு 45தான். அதுக்குக் கணக்குப் போட்டா 0.436 வரும். 4க்கு 2ன்னு பில்லு போட்டா நூத்துக்கு இருபத்திரண்டு பங்கு இல்லாத மரத்துக்குக் காசு குடுக்குறீங்க. அளவு குறையறது தப்பில்ல, அது இழைச்ச அளவு. பில்லும் அந்த அளவுக்குத்தான் இருக்கணும். டேப்பைக் கையில வச்சுக்கிட்டே பேசுங்க.

பாம்பன் காத்து | மார்ச் 12, இரவு 9.30

எங்க வீட்டு மேல் அலமாரிக்குள்ள இன்னைக்குப் பார்த்தா, தட்டுல கசகசா கொட்டின மாதிரி ஒரு சின்னக் குவியல். துடைச்சா மறுநாள் திரும்பக் கிடக்கு. மண் கோடு எங்கயும் இல்ல. இது என்ன?

கீழக்கரை உளி | மார்ச் 12, இரவு 10.05

அந்தக் கசகசாவை உள்ளங்கையில தட்டி, போன் கேமராவைப் பெருசு பண்ணிப் பாருங்க லாத்தா. ஒவ்வொரு மணியும் ஆறு பக்கம் வச்சு, பக்கம் லேசா உள்வாங்கி இருந்தா அது காய்ந்த மரக் கரையான். மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பறந்து வந்து, மரத்துக்குள்ளயே குடியிருந்து, உள்ளயே தின்னு, ஒரு சின்ன ஓட்டை வழியா கழிவைத் தள்ளும். கடலோரத்துல இது நிறைய. மணி மணியா இல்லாம மைதா மாதிரி மாவா இருந்தா அது உளுவண்டு. அதுல மைதா மாவு கொட்டுற ஜாதி பைனைத் தின்னாது, ரப்பர் மரம், மாமரம் மாதிரி மரத்தோட வெளிறைத்தான் தின்னும். பக்கத்துல வேற மரச்சாமான் இருந்தா அதையும் தேடுங்க.

கரையான்தான்னா அந்தத் தட்டை மட்டும் கழட்டி எடுத்துருங்க. பரவியிருந்தா பூச்சி மருந்துக்காரர் வந்துதான் ஆகணும்.

பாம்பன் காத்து | மார்ச் 13, காலை 6.50

ஆறு பக்கம் இருக்கு காக்கா. தட்டைக் கழட்டிட்டேன். மேல் தட்டு புதுசு மாதிரி இருக்குன்னு முதல் நாள் எழுதினேன், அதைத் திருத்திக்கிறேன். மருந்து இல்லாத பைன்னா மேலயும் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

தொண்டி டூ ஆக்லாந்து | மார்ச் 13, காலை 8.25

உச்சிப்புளி அக்கா, மருந்து ஏத்தின மரம் கிடைக்கலைன்னா உள் வேலைக்குப் போரானை வீட்டுலயே ஏத்தலாம். வெங்காரம் (போராக்ஸ்) 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு. ரெண்டும் சேந்து 5 கிலோன்னா 100 லிட்டர் தண்ணி. முதல்ல கொஞ்சம் வெந்நீர்ல கரைச்சுட்டு மீதித் தண்ணியச் சேருங்க. பிரஷ்ல பூசினா மேல்தோல்தான் நனையும். தார்ப்பாயில தொட்டி மாதிரி கட்டி, அறுத்து ஓட்டை போட்டு முடிச்ச துண்டுகளை முக்கி வைக்கிறதுதான் பலன். அப்புறம் பிளாஸ்டிக் ஷீட்டுல சுத்தி நிழல்ல ரெண்டு வாரம் விட்டா மருந்து உள்ள நகரும். அதுக்கப்புறம் மறுபடி காய வைக்கணும். பிள்ளைங்க, ஆடு, கோழி எதுவும் அந்தத் தண்ணிகிட்டப் போகக் கூடாது. மழை படுற இடத்துக்கு இது ஆகாது, போரான் தண்ணியில கரைஞ்சு வெளிய வந்துரும்.

உச்சிப்புளிக்காரி | மே 4, இரவு 9.12

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. இடையில நடந்ததைச் சொல்றேன்.

முதல் கடையில வாங்கல. வேற வாடியில, பில்லுல ரேடியேட்டா பைன்னும் நிஜ அளவும் எழுதித் தந்தாங்க. மருந்து இல்லாத மரம்னும் ஒளிக்காம எழுதித் தந்தாங்க. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. 32 சட்டம், 18 பலகை. குருத்துப் புள்ளி தெரிஞ்ச 5 சட்டத்தை அங்கயே ஒதுக்கி மாத்திக்கிட்டேன். கண்ணை மூடிப் பார்க்கிற வித்தையக் கடைப் பையனும் என்கூட சேந்து பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் துண்டு அறுத்து எடை போட்டேன். 186 கிராம். ஓவன்ல வச்சு வச்சு எடுத்தேன், 152ல நின்னுருச்சு. 34ஐ 152ஆல வகுத்தா 22 சதவீதத்துக்கு மேல. தொட்டா காய்ஞ்ச மரம்தான் அது! அன்னைக்கே ஆசாரி வேலைய ஆரம்பிக்கிறதா இருந்துச்சு. நான் வேண்டாம்னு சொன்னதும் அவருக்கு முகம் வாடிருச்சு. தராசைக் கொண்டாந்து அவர் கண் முன்னாடியே இன்னொரு துண்டைப் போட்டுக் காட்டினேன். அதுக்கப்புறம் அவரே துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்க அப்பா இங்கதான் உள்ள வந்தார். பழைய கொட்டகையில கிடந்த பனஞ்சட்டத்தைச் சின்னச் சின்ன ரீப்பராப் பிளந்து, மரத்துக்கு நடுவுல ரெண்டடிக்கு ஒண்ணா நேருக்கு நேர் வச்சு அடுக்கினார். கச்சான் காத்து குறுக்க புகுந்து போற மாதிரி தாழ்வாரத்துல திசை பார்த்து வச்சார். மேல கல்லு ஏத்தினார், முறுக்காம இருக்க. வெயில் நேரா படாம ஓலைத் தட்டி கட்டினார். தரையில இருந்து ஒரு முழம் மேல. பெட்டி மரம்னு சொன்னவர் தினமும் சாயங்காலம் போய் ஒரு சட்டத்தைத் தூக்கிப் பார்த்துட்டு வர்றார்.

நேத்து திரும்ப ஒரு துண்டு அறுத்தேன். 171 கிராம். காய்ஞ்சது 148. கணக்குப் போட்டா 15.5. அப்பா ஆசாரியோட பென்சிலை வாங்கி, அந்தச் சட்டத்துலயே தேதியும் எண்ணும் எழுதி வச்சிட்டார். அது பரணுக்குள்ள போற சட்டம், யாரும் பார்க்கப் போறதில்ல. அதை இழைக்க வேண்டாம்னு ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன்.

இப்போ முடிவு இதுதான். தலைவாசல் நிலை வேம்பு, அப்பாவோட நண்பர் ஒருத்தர் வீட்டுல அறுத்து 3 வருஷமாக் கிடந்தது. ஜன்னலும் வேம்பு. உள் நிலை நாலு, பரண், மேல் அலமாரி எல்லாம் பைன், போரான்ல முக்கினப்புறம். உள் நிலையோட கால் தரையைத் தொடாம அடியில கருங்கல் துண்டு. அடுப்படி கீழ் தட்டு மரமே இல்ல, சுவரு கட்டி மேல கடப்பாக் கல். பாம்பன் தங்கச்சி, அது உனக்காகத்தான்னு வச்சுக்க. குளியலறைக் கதவு பிளாஸ்டிக். மாடித் தாழ்வாரத்தை இன்ஜினியர் வரைஞ்சு குடுத்துட்டார், அதுக்கு இரும்புக் குழாய்தான்னு சொல்லிட்டார்.

பனங்கை ஐயா, உங்க பேச்சைப் பாதிதான் கேட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க.

பனங்கை | மே 5, காலை 6.10

கோபம் எதுவும் இல்லை அம்மா. பனஞ்சட்டம் ரீப்பராகவாவது போயிருக்கிறதே. உள் நிலையை முக்கிய பிறகு எத்தனை நாள் காய வைக்கிறீர்கள்? மறுபடி எடை போட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

கீழக்கரை உளி | மே 5, காலை 7.35

ஐயா கேட்டது முக்கியம். முக்கின மரம் திரும்பப் பச்சை மரம் மாதிரிதான். அதே அடுக்கு, அதே தராசு. 15, 16 வந்ததும் எனக்கு எழுதுங்க. நிலை அடிக்கும்போது சுவருக்குள்ள மறையிற பக்கத்துக்கும் சேத்து ஆறு முகத்துலயும் பிரைமர் போகணும், முனைக்கு ரெண்டு கை கூட. முனைதான் மரத்துக்கு வாய், தண்ணி அங்கதான் குடிக்கும். கணு மேல அரக்கு பாலிஷ் ரெண்டு கை போட்டுட்டு அப்புறம் பெயின்ட், இல்லைன்னா கோடையில பிசின் மஞ்சளா வெளிய வரும்.

உச்சிப்புளிக்காரி | மே 5, காலை 10.20

எழுதி வச்சுக்கிட்டேன் காக்கா. 316 ஸ்க்ரூ ராமநாதபுரத்துல ரெண்டு கடையில கேட்டேன், ஸ்டெயின்லெஸ்தான்னு குடுக்கிறாங்க, எண் எழுதல. காந்தம் வச்சுப் பார்த்தா போதுமா?

தொண்டி டூ ஆக்லாந்து | மே 5, பகல் 12.08

போதாது அக்கா. காந்தம் கெட்டியா ஒட்டினா அது முலாம் பூசின இரும்புன்னோ, மட்டமான ஸ்டெயின்லெஸ்னோ சந்தேகப்படலாம். ஒட்டலைன்னா 304ஆவும் இருக்கலாம், 316ஆவும் இருக்கலாம், காந்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். தலையில ஏ4ன்னு குத்தியிருந்தா, இல்ல பெட்டியில எழுதியிருந்தா அதுதான் 316. ஏ2ன்னா 304. உங்களுது எல்லாம் வீட்டுக்குள்ள வேலை, மழை படுற இடத்துல பைனே இல்லையே. ஏ2 கிடைச்சா எடுத்துக்குங்க.